கரை பிடிச்சாச்சு

ஒரு வாரம் முழுக்க மைனி பஸ்ஸாக இருந்தாள். அதற்கு முந்தின மாதம் குழாய்த் தண்ணீராக இருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன் வழியாக ஊருக்கு ஏதாவது செய்து தரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டால், அந்தக் காரியத்தை முதலில் தானே கொஞ்ச நாள் செய்து பார்ப்பாள். மார்த்தாண்டம் பஸ் எங்கே வருகிறது என்று போன் சொல்லவேண்டுமா, முதலில் மைனி சொல்லவேண்டும். ஜங்ஷனில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வருகிற போகிற ஆட்டோக்காரர்களிடம் விசாரித்து, போன் பண்ணிக் கேட்கிறவர்களுக்கெல்லாம், பாலம் தாண்டியாச்சு, சேலை மாற்றிக்கொண்டு இறங்கினால் சரியாக இருக்கும் என்று பதில் சொல்வாள். அவளைக் கணக்கெடுக்க வந்த அரசாங்க ஆள் என்று நினைத்து ரேஷன் கார்டை நீட்டியவர்களும் உண்டு.

"மெஷினுக்குச் சொல்லிக் குடுக்கதுக்கு முன்ன நமக்குத் தெரியாண்டாமா மக்கா?" என்பாள், கேலி செய்தால்.

முறைக்கு அவள் எனக்கு ஒன்றும் இல்லை. தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்தவள். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி ஊர் மைனி என்றது, நானும் மைனி என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள். கட்டியவர் வளைகுடாவில் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போனார். ஒரு தடவை போன போட் திரும்பவில்லை என்று ஏஜெண்டு சொன்னான். ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை, ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. சில வருஷம் கழித்து பங்குச்சாமி வீட்டுக்கே வந்து, அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒரு பூசை வைத்துவிடலாமே என்று பதமாகக் கேட்டார். மைனி அவருக்குக் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். "கண்ணால காணல்லியே சாமி" என்றாள். அவ்வளவுதான். பூசை வைக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒன்றைப் பேசாமல் விட்டுவிடுவதில் எங்கள் ஊர் கெட்டி.

கையால் தேய்க்கிற போன் ஊருக்குள் வர ஆரம்பித்த காலம் அது. வளைகுடாவில் இருக்கிற அண்ணனோ மச்சானோ ஒன்று அனுப்பிவைப்பார்கள், வீட்டில் அதைப் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்வோம். மைனி மட்டும்தான் அதைப் பார்த்து வேறு எதையோ யோசித்தாள்.

பாய் ஒருவரின் ரீசார்ஜ் கடைக்கு மேலே மாடியில் அவளுக்கு ஓர் அறை, குடியிருப்பும் அங்கேதான். கல்யாண ஆல்பங்களைக் கம்ப்யூட்டரில் கோத்துக் கொடுப்பது பிழைப்பு. மற்ற நேரமெல்லாம் இந்த வேலைதான். ஜன்னலைத் திறந்தால் ஆறு கடலில் விழுகிற பொழிமுகம். மத்தியானங்களில் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் நெளிந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அறை மிதக்கிற மாதிரி இருக்கும். மைனியின் விரல்கள் ஒரு பக்கம் தட்டிக்கொண்டிருக்கும், கண் கடலில் இருக்கும். பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிடுவாள். யாரோ தூரத்திலிருந்து கூப்பிட்டது போலக் காது கொடுப்பாள். நான் பாலர் பள்ளி டீச்சர், பிள்ளைகள் அப்படி உட்கார்ந்தால் தலையில் ஒரு தட்டுத் தட்டி எழுப்புவேன். மைனியைத் தட்ட முடியாது. அவள் திரும்பி வரும்வரை நானும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பஞ்சாயத்துத் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லுகிற ஒன்றை அவள் செய்தாள் அல்லவா, அதில் ஒரு கூத்து நடந்தது. மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்து வீட்டம்மைதான் தண்ணீர் திறந்ததும் போனில் ஓர் இடத்தைத் தொடவேண்டும், ஊர் முழுக்கச் செய்தி போகும். தொட்டி வீட்டம்மை தன் வீட்டுக் குடம், அண்டா, குட்டுவம் எல்லாவற்றையும் நிறைத்துவிட்டு, துணியும் அலசிவிட்டுத்தான் தொட்டாள். ஊர் கொதித்தது. முதலில் கொதித்தவள் நான். மாடி ஏறிப்போய், அந்த அம்மையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நானே போய் அவள் குடத்தையெல்லாம் உடைப்பேன் என்று குதித்தேன். மைனி கூரையைப் பார்த்தபடி இருந்தாள். "வெள்ளம் வந்தாச்சுன்னு சொல்லுக ஆளுக்கும் தாகம் இருக்கும்லா" என்றாள். அடுத்த நாளிலிருந்து செய்தி வேறு மாதிரி வந்தது: வெள்ளம் வந்தாச்சு, தொட்டி வீட்டில் குடம் நிறையுது, மெல்ல வாருங்கோ. பிறகு சண்டைக்கு என்ன இருக்கிறது. அந்த அம்மைக்கே வெட்கமாகி, இரண்டு குடத்தோடு தொட ஆரம்பித்துவிட்டாள்.

இன்னொன்று எனக்காகச் செய்தது. தினமும் என்ன கறி வைப்பது என்று புலம்பினேன். அவரவர் வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்று போடுகிற மாதிரி ஒன்று செய்துகொடுத்தாள். நன்றாகத்தான் ஓடியது, தவக்காலம் வரும்வரை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை எறச்சி தின்னக்கூடாது. போனில் ஊரே மீன்கறி என்று போட்டிருந்தது. தெருவில் நடந்தால் எறச்சி மசாலா மூக்கைத் துளைத்தது. அன்றைக்கு மைனி சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். கோவில் முன்னால் வைத்துச் சிரித்தாள், பங்குச்சாமி திரும்பிப் பார்த்தார். சவத்த நிறுத்திருவோம், ஊருக்குப் பாவம் கூடும் என்று சொல்லி அதை அன்றே எடுத்துவிட்டாள்.

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவனைக் கட்டியவளுக்கு அது பெரிய குறைதான். என் வீட்டுக்காரர் கூட்டாளி ஒருவரோடு பைபர் வள்ளத்தில் போவார். வருகிற நேரம் கொஞ்சம் தவறினாலும் அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்கு ஓடுவேன், கரையிலிருந்து வீட்டுக்கு ஓடுவேன், அவர் வந்ததும் பயமெல்லாம் கோபமாகி வாயில் வந்ததைச் சொல்வேன். மனுஷன் கணவாய் மீனைப் போட்டுவிட்டுச் சிரிப்பார். ஒனக்கு ஒரு மணி கெட்டித் தரணும், நான் வாறப்போ அடிக்கதுக்கு என்று ஒரு நாள் சொன்னார். மைனி பக்கத்தில் இருந்தாள். பாதியில் நின்றுபோகிற அந்தப் பார்வை அவளுக்கு வந்தது. சரி, ஏதோ தொடங்கிவிட்டது என்று நினைத்தேன்.

வழக்கம்போல முதலில் அவளே மணியாக இருந்தாள். கரையிலிருந்து ஒரு தூரம் வரைதான் டவர் கிடைக்கும். திரும்பி வருகிற வள்ளத்துக்கு டவர் கிடைத்ததும் ஆண்கள் மைனிக்கு ஒரு மிஸ்டு கால் விடவேண்டும், மைனி அவரவர் வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் விடுவாள். குளிக்கப் போனால்கூட போனை வாளிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஆண்களோ ஈரக்கையோடு மறந்துபோவார்கள். அதனால் போனே தானாகச் சொல்லுகிற மாதிரி செய்தாள். எங்கள் ஆட்கள் போனைப் பலூனுக்குள் போட்டு முடிந்துதான் கடலுக்குக் கொண்டுபோவார்கள், உப்புத்தண்ணீர் படாமல் இருக்க. பலூனுக்குள் இருந்தபடியே அது டவரைக் கண்டதும் சேதி அனுப்பும். வீட்டில் என் போனில் கோவில் மணி மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதற்கு "கரை பிடிச்சாச்சு" என்றே பேர் வைத்தாள்.

அந்த மாதங்கள் எங்களுக்குச் சொர்க்கம். மணி கேட்டதும் சாயாவுக்கு வெள்ளம் வைப்பேன், அது கொதிக்கும்போது வள்ளம் மணலில் ஏறும். தெருவில் வரிசையாக மணி கேட்கும், வரிசையாக அடுப்பு எரியும். மாடியில் மைனியின் திரையில் ஊர் முழுவதும் சின்னச் சின்ன வீடாகத் தெரியும், கருநீலத்தில். ஒவ்வொரு வள்ளமாகக் கரையை நெருங்க ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரியும். யாரும் ஏற்றாமல் தானாக எரிகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நானும் அவளும் உட்கார்ந்திருப்போம். ஓரத்தில் ஒரு வீடு எப்போதும் எரியாமல் கிடக்கும். அது மைனியின் வீடு. தன் வீட்டையும் அவள் அதில் வரைந்து வைத்திருந்தாள். பார்த்தேன், கேட்கவில்லை.

ஆவணி பிறந்து கடல் கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு நாள், காலையில் என் போனில் மணி கேட்டது. வெள்ளம் வைத்தேன். கொதித்தது, வற்றியது. ஆளைக் காணவில்லை. ஏலத்தில் நிற்பார் என்று நினைத்தேன். வெயில் ஏறியதும் காற்றும் மாறியது. மேற்கிலிருந்து கச்சான் காற்று திடீரென்று தூக்கி அடித்தது. கரைக்குப் போனேன். கடலில் நின்ற வள்ளங்கள் எல்லாம் அவசரமாக வந்து ஏறிக்கொண்டிருந்தன. எங்கள் வள்ளம் கிடக்கிற இடத்தில் வெறும் மணல்.

கேட்டால் எல்லாரும் ஒன்றே சொன்னார்கள். மணி அடித்ததா? அடித்தது. பின்னே என்ன, குளச்சலுக்குக் கொண்டுபோயிருப்பான், அங்கே ஏலம் கொள்ளாம், நல்ல விலை கிடைக்கும். போன் போட்டேன். மணி போனது, எடுக்கவில்லை. மணி போகிறதா, அப்போ கரையில்தான் நிற்கிறான், கூட்டத்தில் கேட்கவில்லை என்றார்கள். என் மாமியாரும் அதையே சொன்னார். கண்ணுக்கு முன்னால் வெறும் மணலை வைத்துக்கொண்டு நானும் சரி சரி என்று தலையாட்டினேன். ஆனால் கால் மட்டும் வீட்டுக்குப் போகாமல் மாடிக்குப் போனது.

திரையில் என் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைனி அதைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியாக மணலைப் பார்த்தாள்.

"நீ ஆளைக் கண்டியா?"

"மணி அடிச்சுல்லா மைனி."

"மணி அடிச்சது நானாக்கும். நீ ஆளைக் கண்ணால கண்டியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். மைனி கையை நீட்டி எதையோ தட்டினாள். என் வீட்டு விளக்கு அணைந்தது. அப்போ கரை பிடிக்கல்ல என்றாள். அந்த நேரத்தில் அவள் கையை நான் ஒடித்திருப்பேன். என் புருஷனையே ஊதி அணைத்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவள் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி நடந்தாள். மணலில் நின்ற ஆண்கள் ஒவ்வொருவரிடமும் போய், நீ கண்ணால் கண்டாயா, நீ கண்டாயா என்று கேட்டாள். ஒருவரும் காணவில்லை. எல்லாரும் மணி அடித்ததைத்தான் கேட்டிருந்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, நீ செஞ்சு தந்த சாதனம்தானே வந்தாச்சுன்னு சொல்லுது மைனி என்றார்.

"அது கள்ளம் சொல்லுது" என்றாள் மைனி. "செஞ்சவ நான் சொல்லுகேன். அவன் வரல்ல."

பிறகு அவள் என்னிடம், போன் மட்டும் இந்தக் கரையில்தான் எங்கேயோ கிடக்கிறது, நிறுத்தாமல் அவன் நம்பரை அடித்துக்கொண்டே வா என்றாள். வள்ளங்களை ஒட்டி நடந்தோம். காற்று காதை அடைத்தது. ஒவ்வொரு வள்ளத்துக்கும் பக்கத்தில் அவள் நின்று குனிந்து கேட்டாள். தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஒரு வள்ளத்துக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் போனின் பாட்டு மெலிசாகக் கேட்டது. தார்ப்பாயை இழுத்தார்கள். இரைப் பெட்டிக்குள், பலூனுக்குள், போன் வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது.

அது லாசர் அண்ணனின் வள்ளம். பக்கத்து ஊரில் நிச்சயதாம்பூலத்துக்குப் போயிருந்த லாசர் அண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். நடந்தது அப்போதுதான் தெரிந்தது. கடலில் ஒரு வழக்கம் உண்டு. தங்கப்போகிற வள்ளம், கரைக்குத் திரும்புகிற வள்ளத்திடம் சாமான்களைக் கொடுத்துவிடும், காலிக் கேனோ, பிடித்த மீனோ, வீட்டுக்குச் சொல்லவேண்டிய சேதியோ. கணவாய் நன்றாகப் படுகிறது, ஒரு ராத்திரி தங்கலாம் என்று என் வீட்டுக்காரர் முடிவு பண்ணியிருக்கிறார். நான் பயந்து சாவேனே என்று, என்னைச் சமாதானப்படுத்த, போனைக் கழற்றி லாசர் அண்ணனிடம் கொடுத்திருக்கிறார். இது கரைக்குப் போனா அவளுக்கு மணி அடிக்கும், பொறவு நீ போய் வெவரத்தைச் சொல்லீரு என்று. லாசர் அண்ணன் நிச்சயதாம்பூல அவசரத்தில் சொல்ல மறந்தார்.

இந்தக் காற்றில் எந்த வள்ளமும் கடலில் நிற்காது, வரமுடிந்திருந்தால் வந்திருப்பான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தேடுவதற்கு வள்ளங்கள் அப்போதே இறங்கிவிட்டன. முதல் வள்ளத்தில் நிச்சயதாம்பூல வேட்டியோடு லாசர் அண்ணன் ஏறினார்.

பொழுது சாய்வதற்குள் எங்கள் வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். என்ஜினில் தண்ணீர் ஏறி, நங்கூரமும் அறுந்து, கூட்டாளியும் அவரும் கேனால் தண்ணீரை இறைத்து இறைத்துக் கிடந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் என்று லாசர் அண்ணன் ஆரம்பித்தார், மாமியார் அவர் வாயைப் பொத்தினார். என் வீட்டுக்காரர் பல் கிட்டிக்க, நீ பயப்படாண்டாம்னு நினைச்சு என்றார். நனைந்த சட்டையோடு நின்ற அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன்.

"பயப்படுகது எனக்க சோலி. திரும்பி வாறதுதான் ஒனக்க சோலி" என்றேன். பிறகு அழுதேன்.

மைனி கொஞ்சம் தள்ளி நின்றாள். அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். கண்டாச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் அவள் கதவைத் திறக்கவில்லை. மணி நின்றுவிட்டது. பெண்கள் கீழே நின்று சத்தம் போட்டார்கள், என்றைக்கோ ஒருநாள் தப்பிப்போனதற்கு எல்லாருடைய மணியையும் நிறுத்துவாயா என்று. அப்புறம் ஒருநாள் புதிதாக ஒன்றை எல்லாருடைய போனிலும் போட்டுத் தந்தாள். அதே கருநீலம், அதே சின்ன வீடுகள். மணி இல்லை. வள்ளம் கடலுக்குப் போனால் வீடு இருட்டாகும். ஆள் வந்து, வீட்டிலிருப்பவள் கண்ணால் கண்டு, தன் விரலால் தொட்டால்தான் விளக்கு எரியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைக் கண்டதற்கு அப்புறம் ஆள் வந்தாச்சு என்று சொல்ல ஒரு எளவு எதற்கு என்று கேட்டேன். மைனி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஒனக்கில்ல பிள்ளே. மத்தவங்களுக்கு. யாருக்க வீடு இருட்டா கெடக்குன்னு ஊருக்குத் தெரியணும்."

அப்போது புரியவில்லை. ஒரு மழைநாளில் எல்லா வீடும் எரிய, சிலுவை நிற்கிற குருசடிக்குப் பக்கத்து வீடு ஒன்று மட்டும் இருட்டாகக் கிடந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக அந்த வீட்டுக்குப் போனோம். ஒருத்தி சாயா கொண்டுவந்தாள், ஒருத்தி செபமாலை. அவன் வந்து சேரும்வரை உட்கார்ந்திருந்தோம். நான் கல்யாணமான நாளிலிருந்து தனியாக ஓடிக்கொண்டிருந்தேனே, கரைக்கும் வீட்டுக்கும், அந்த ஓட்டம் அதோடு நின்றது. ஆண்களுக்குத்தான் கஷ்டம். வள்ளம் ஏறியதும் நேராகச் சாயாக்கடைக்குப் போகிறவனுக்கு விளக்கு எரியாது, ஊரே அவன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும். முழு ஊருக்கும் முன்னால் பெண்டாட்டியிடம் முகத்தைக் காட்டவேண்டும். அந்தப் பயத்தில் பல பேர் நல்லவர்களானார்கள், என் வீட்டுக்காரர் உட்பட.

பிறகு மைனி கொட்டாரம் என்கிற ஊரில் இருக்கிற அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். போன்கள் மாறின. புதுப் போன்களில் அது திறக்கவே இல்லை, சரிசெய்ய அவளும் இல்லை.

போவதற்கு முன்னால் அவள் எங்களோடு இருந்த கடைசி கிறிஸ்துமஸ். பண்டிகைக்காக எல்லா வள்ளமும் கரையில். மத்தியானம், குழாயடியில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் நின்றோம். தொட்டி வீட்டம்மை போனைத் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் விளக்கு.

"அந்த ஓரத்து வீடு இருட்டா கெடக்கே" என்றாள்.

யார் வீடு என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எல்லாரும் தினமும் பார்த்ததுதான். பார்க்கக்கூடாத ஒன்று என்று அவரவர் தனித்தனியாக நினைத்து வைத்திருந்தோம். தொட்டி வீட்டம்மை நிறைந்துகொண்டிருந்த குடத்தை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்கில் சாயா எடுத்து வந்தாள். அவள் முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால் போனோம்.

மாடிப்படியில் அத்தனை பேரைக் கண்டதும் மைனி பதறிவிட்டாள். என்னட்டி, எல்லாருங்கூடி, வெள்ளம் வரல்லியா என்று கேட்டாள்.

"வெள்ளம் வந்தாச்சு. இஞ்ச வெளக்கு எரியல்ல. அதான் வந்தோம்" என்றாள் தொட்டி வீட்டம்மை.

மைனி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். சோலி கெடக்கு, போங்கட்டி என்று சிரித்து விரட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலிமேல் கிடந்த வயர்களை அள்ளித் தரையில் வைத்தாள், கட்டில்மேல் கிடந்த துணிகளை ஒதுக்கினாள், நாங்கள் உட்கார இடம் பண்ணினாள். பிறகு எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். சாயா கைமாறிக் கைமாறிப் போனது. கூரையில் தண்ணீர் வெளிச்சம் நெளிந்து நெளிந்து, மங்கி, போய்விட்டது. யாரும் முதலில் எழுந்திருக்கவில்லை.